ஏற்றியது, இறங்கியது, இயங்கியது: போர்க்காலத்தில் ஜேர்மனியிலிருந்து யப்பானுக்குப் போன தொழினுட்பத்தை ஆராய்ந்து எழுதுவது எப்படி

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் சனிக்கிழமை மாலைகளிற் கூடும் வாசிப்பு வட்டத்தில், உயர்தர மாணவர் தொடக்கம் ஓய்வுபெற்ற தபாலதிபர் வரை பலர் இந்தத் தலைப்பில் கட்டுரை எழுத முனைந்திருக்கிறார்கள். பெரும்பாலான கட்டுரைகள் ஒரே இடத்திற்றான் சறுக்கின. ஜேர்மனி யப்பானுக்கு ஜெற் விமானம் கொடுத்தது, றேடார் கொடுத்தது, றொக்கெற் இயந்திரம் கொடுத்தது, யுரேனியமும் கொடுத்தது என்று சீதன உறுதி எழுதுவதுபோல அடுக்கிவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விடுகிறார்கள். சீதன உறுதியில் எழுதப்பட்ட காணி அங்கேயே கிடக்கும். நீர்மூழ்கியில் ஏற்றப்பட்ட சாமான் அப்படிக் கிடப்பதில்லை. ஆகவே ‘கொடுத்தது’ என்ற சொல்லைக் கட்டுரையிலிருந்து முற்றாக நீக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

அதற்குப் பதிலாக ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து, விரித்த பக்கத்தில் மூன்று நிரல்களைக் கீறுங்கள். முதலாவது நிரலுக்கு ‘ஏற்றியது’ என்றும், இரண்டாவதற்கு ‘இறங்கியது’ என்றும், மூன்றாவதற்கு ‘இயங்கியது’ என்றும் தலைப்பிடுங்கள். இரண்டாவது நிரலின் ஓரத்தில், சரக்கைப் பெற்றுக்கொண்டவர் யார் என்று எழுத ஒரு சிறிய இடம் விடுங்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு நிரை போதுமானது. முதல் நிரல் நிறைந்தும் மூன்றாம் நிரல் பெரும்பாலும் வெறுமையாகவும் இருப்பதை ஐந்தாறு நிரைகளுக்குள்ளேயே காண்பீர்கள்; எழுத வேண்டிய பொருள் அந்த வெறுமைக்குள்தான் இருக்கிறது.

கொப்பியை நிரப்ப முன்னர் காலத்தையும் வழியையும் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஜேர்மனி, இத்தாலி, யப்பான் ஆகிய மூன்றும் பேர்லினில் முத்தரப்பு உடன்படிக்கையில் ஒப்பமிட்டது 1940 செப்டெம்பர் 27இல் ஆகும். 1942 ஜனவரி 18இல் அவை இன்னோர் இராணுவ உடன்பாட்டைச் செய்து, கிழக்கு நெடுங்கோடு 70 பாகையைத் தத்தம் போர் நடவடிக்கைகளின் எல்லையாக வகுத்துக்கொண்டன. பாடசாலைத் தேசப்படப் புத்தகத்தில் இந்தக் கோட்டைப் பென்சிலால் இழுத்துப் பாருங்கள். அது குஜராத்தின் மேற்கு ஓரத்தைத் தொட்டுக்கொண்டு இந்து சமுத்திரத்துக்குள் இறங்கும். யாழ்ப்பாணம் ஏறத்தாழ 80 பாகையில் இருப்பதால், கடதாசியளவில் நாம் பத்துப் பாகை உள்ளே, யப்பானின் பங்குக்குள் அடங்கியிருந்தோம். அந்த உடன்பாடு கைச்சாத்தாகி மூன்று மாதம் முடியுமுன்னரே, 1942 ஏப்ரல் 5இல் கொழும்பிலும் 9இல் திருகோணமலையிலும் யப்பானிய விமானங்கள் குண்டு போட்டதை இதனோடு சேர்த்து வாசித்தால், கோடு வெறும் கோடாக இருக்கவில்லை என்பது விளங்கும்.

வழிகள் மூன்று. சோவியத் ஒன்றியத்தை ஜேர்மனி தாக்கிய 1941 யூன் 22 வரையும் சைபீரிய றெயில் பாதை திறந்திருந்தது. அது மூடப்பட்ட பின்னர், நேச நாட்டுக் கடல் முற்றுகையை ஊடறுத்து ஓடிய வணிகக் கப்பல்கள் ஆயிரக்கணக்கான தொன் இறப்பரையும் வேறு மூலப்பொருள்களையும் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோயின; 1943இன் பின் அவையும் பிடிபட்டும் மூழ்கியும் ஓய்ந்தன. எஞ்சியது நீர்மூழ்கி மட்டுமே. யப்பானியர் இந்தப் பயணங்களை ‘யனகி’ என்று அழைத்தனர். முதலிரண்டு வழிகளைப் பற்றி ஒரு பந்திக்கு மேல் எழுத வேண்டாம். அவற்றில் தொகை பெரிது, கதை சிறிது.

முதல் நிரையை மாதிரிக்காக நிரப்பிப் பார்ப்போம். ஐ-30 என்ற யப்பானிய நீர்மூழ்கி 1942 ஓகஸ்ட் தொடக்கத்தில் பிரான்சின் லோரியான் துறைமுகத்தை அடைந்தது. கொண்டுவந்த சரக்கில் 1,500 கிலோகிராம் மைக்காவும் 660 கிலோகிராம் அரக்கும் இருந்தன. ஓகஸ்ட் 22இல் திரும்பியபோது ஏறியவற்றுள் முக்கியமானது, வுர்ஸ்பேர்க் வகை றேடாரும் அதன் வரைபடங்களும். ஒக்டோபர் 8இல் அது மலாயாவின் பினாங்கைச் சேர்ந்தது. அங்கிருந்து சிங்கப்பூருக்குப் போய், ஒக்டோபர் 13இல் சிங்கப்பூரை விட்டுப் புறப்பட்ட சற்று நேரத்தில் பிரித்தானியக் கண்ணிவெடியில் மோதி மூழ்கியது. பாதி உலகத்தைச் சுற்றி வந்த கப்பல் வாசற்படியில் தடக்கி விழுந்தது என்று எங்கள் தபாலதிபர் ஐயா சொன்னார். நிரையின் ஓரத்தில் அதையே எழுதி வைத்திருக்கிறேன். இந்த நிரையில் ‘ஏற்றியது’ நிரம்பியிருக்கிறது. ‘இறங்கியது’ என்ற நிரலில் றேடாரை எழுத முடியாது, ஏனெனில் அது நீரிற் கெட்டுப்போனது. பினாங்கு மட்டும் வந்து சேர்ந்ததை வைத்து ‘யப்பானுக்கு றேடார் கிடைத்தது’ என்று எழுதுபவர்கள் இந்த ஐந்து நாளைத்தான் தவறவிடுகிறார்கள்.

இனி, நூலையும் பூகோள உருண்டையையும் எடுங்கள். தட்டையான தேசப்படத்தில் நூல் வைத்து அளந்தால் தூரம் பிழைக்கும். உருண்டையில் ஒரு பாகை வில்லுக்கு 60 கடல் மைல் என்று கணக்கிடலாம். பிரான்சின் மேற்குக் கரையிலிருந்து ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றிச் சிங்கப்பூர் வரைக்கும் நூலை ஓட்டினால் ஏறத்தாழ 12,000 கடல் மைல் வரும். பின்னர் நாள்களை எண்ணுங்கள். ஐ-30 லோரியானிலிருந்து பினாங்குக்கு எடுத்தது 47 நாள். ஐ-8 பிரெஸ்ற் துறைமுகத்தை 1943 ஒக்டோபர் 5இல் விட்டு டிசெம்பர் 5இல் சிங்கப்பூருக்கு வந்தது, அதாவது 61 நாள். ஐ-29 லோரியானை 1944 ஏப்ரல் 16இல் விட்டு யூலை 14இல் சிங்கப்பூருக்கு வந்தது, 89 நாள். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலான ஓட்டத்தைக் கழித்தாலும், 1942இல் போனதைவிட 1944இல் அதே கடலைக் கடக்க இரட்டிப்புக்குச் சற்றுக் குறைவான காலம் தேவைப்பட்டிருக்கிறது. அத்திலாந்திக்கில் நேச நாட்டு விமானங்களின் தேடுதல் இறுக இறுக, நீர்மூழ்கிகள் நீருக்கு மேலே ஓடும் நேரத்தைக் குறைத்து, கீழே மின்கலத்தின் வலுவில் ஊர வேண்டியிருந்தது. இதைப் புத்தகத்திலிருந்து எடுத்து எழுதுவதைவிட, மாணவர் தம் கையால் நூலைப் பிடித்து எண்ணிக் கண்டுபிடிப்பதையே நான் விரும்புகிறேன்.

ஐ-8இன் நிரைதான் மூன்று நிரலும் ஓரளவுக்கு நிறையக்கூடியது. 1943 யூன் 1இல் யப்பானின் குரே துறைமுகத்தை விட்டு, ஓகஸ்ட் 31இல் பிரெஸ்றைச் சேர்ந்து, டைம்லர்-பென்ஸ் டோர்பிடோப் படகு இயந்திரமும் றேடார்களும் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளும் ஏற்றிக்கொண்டு, டிசெம்பர் 21இல் குரேக்கே திரும்பியது. புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்பிச் சேர்ந்த ஒரேயொரு யனகிப் பயணம் இதுவாகும்.

ஐ-34க்கு முழு நிரை ஒதுக்கத் தேவையில்லை, எனினும் இலங்கை வாசகருக்கு அது கிட்டிய செய்தி. ஐரோப்பாவுக்குப் புறப்பட்ட அந்த நீர்மூழ்கியை, இலங்கையைத் தளமாகக் கொண்டு இயங்கிய பிரித்தானிய நீர்மூழ்கியான ‘ரோறஸ்’ 1943 நவம்பர் 13இல் பினாங்குக்கு அருகே மூழ்கடித்தது.

ஐ-29இன் நிரைக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். 1943 டிசெம்பர் 16இல் சிங்கப்பூரை விட்டபோது அது ஏற்றியது இறப்பர், தங்ஸ்தன், வெள்ளீயம், குயினைன் முதலியன. 1944 மார்ச் 11இல் லோரியானிற் சேர்ந்தது. திரும்பும்போது ஏறியவற்றுள் மெசர்ஸ்மிற் 163 றொக்கெற் விமானத்துக்குரிய வால்ற்றர் இயந்திரம், யுமோ 004 ஜெற் இயந்திரம், வீ-1 பறக்கும் குண்டின் உடற்பகுதி, மெசர்ஸ்மிற் 163, ஜெற் விமானமான மெசர்ஸ்மிற் 262 ஆகியவற்றின் வரைபடங்கள் என்பன அடங்கும். சிங்கப்பூரில் தொழினுட்பக் கொமாண்டர் இவாயா எயிச்சி, வரைபடங்களில் ஒரு பகுதியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி, விமானத்தில் தோக்கியோவுக்குப் போனார். கப்பல் தொடர்ந்து சென்று, யூலை 26இல் லூசோனுக்கு வடக்கே பலிந்தாங் கால்வாயில் அமெரிக்க நீர்மூழ்கி ‘சோஃபிஷ்’ விட்ட டோர்பிடோக்களால் மூழ்கியது. தப்பியவர் ஒருவர் மட்டுமே. எனவே இந்த நிரையில் ‘இறங்கியது’ என்பதன் கீழ் இயந்திரங்களை எழுதாதீர்கள். இறங்கியது ஒரு மனிதனின் கைப்பைக்குள் அடங்கிய கடதாசிகள்தான்.

அந்தக் கடதாசிகளிலிருந்து என்ன பிறந்தது என்பதைத் தேடும்போது மூன்றாம் நிரலின் சுவை தெரியவரும். பி.எம்.டபிள்யூ 003 ஜெற் இயந்திரத்தின் சிறிய குறுக்குவெட்டுப் படத்தை வைத்துக்கொண்டு, தனெகஷிமா தொக்கியாசுவின் குழு நே-20 என்ற இயந்திரத்தை உருவாக்கியது. அதை இரண்டாகப் பூட்டிய ‘கிக்கா’ விமானம் 1945 ஓகஸ்ட் 7இல், ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த மறுநாள், கிசறசு தளத்தில் முதன்முறை பறந்தது. நான்கு நாளின் பின் இரண்டாம் முறை பறக்க முயன்றபோது மேலெழவில்லை. மெசர்ஸ்மிற் 163ஐப் பார்த்துச் செய்த ‘ஷூசுய்’ 1945 யூலை 7இல் இயந்திர வலுவுடன் முதன்முறை எழுந்து, ஏறும்போதே எரிபொருள் தடைப்பட்டு இயந்திரம் நின்றதால் விழுந்தது. விமானி இனுசுக்கா தொயோஹிக்கோ அடுத்த நாள் இறந்தார். இவ்விரண்டையும் ‘இயங்கியது’ நிரலில் எழுதலாமா என்று வட்டத்தில் ஒரு மாலை முழுவதும் வாதாடினோம். என் தீர்ப்பு: எழுதலாம், ஆனால் திகதியையும் நிமிர்ந்து பறந்த தடவைகளின் எண்ணிக்கையையும் அருகில் எழுதாமல் எழுதக் கூடாது.

வரைபடம் முழுதாகக் கையில் இருந்தும் பொருள் ஏன் ஓடாமற் போகிறது என்பதற்கு, போருக்கு முன்னரே விலைகொடுத்து வாங்கிய டைம்லர்-பென்ஸ் 601 இயந்திரம் நல்ல உதாரணம். யப்பானின் தரைப்படையும் கடற்படையும் ஒன்றோடொன்று பேசாமல் தனித்தனியே உற்பத்தி உரிமை பெற்றன. தரைப்படைக்குக் கவசாக்கி நிறுவனமும் கடற்படைக்கு ஐச்சி நிறுவனமும் அதே இயந்திரத்தைச் செய்தன. கவசாக்கியின் ஹா-40 இயந்திரம் ‘ஹியென்’ சண்டை விமானத்திற் பூட்டப்பட்டது. கிராங்கும் பெயாரிங்கும் ஜேர்மனியர் எதிர்பார்த்த நுண்மைக்கு வெட்டப்படவில்லை; நிக்கல் போன்ற உலோகங்கள் தட்டுப்பாடாகின; போர்க்களத்தில் திருத்துநர்கள் அந்த இயந்திரத்தோடு மல்லுக்கட்டினர். அடுத்து வந்த ஹா-140 இயந்திரம் இன்னும் மோசமாகப் பின்தங்கியது. 1945 ஜனவரியில் அந்த இயந்திரத்தைச் செய்த அக்காஷி ஆலை குண்டுவீச்சுக்கு இலக்கானபோது, இயந்திரமில்லாத விமான உடல்கள் 270க்கு மேல் ககமிகஹரா விமான ஆலையில் வரிசையாகக் காத்துக் கிடந்தன. அவற்றுக்கு மிற்சுபிஷியின் வளியாற் குளிரும் இயந்திரத்தைப் பூட்டியபோது கி-100 என்ற, யாரும் எதிர்பாராத நல்ல விமானம் கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களுக்கும், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைச் சுற்றி டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டவர்களுக்கும் இந்த இடத்தை நான் விளக்க வேண்டியதில்லை. இளையவர்கள் வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டுவிட்டு இந்தப் பந்தியை எழுதுவது நல்லது.

யூ-511இன் நிரை இதே பாடத்தை வேறு முகத்திற் காட்டும். ஹிற்லர் அன்பளிப்பாக அனுப்பிய அந்த நீர்மூழ்கி 1943 மே 10இல் லோரியானை விட்டு ஓகஸ்ட் 7இல் குரேயை அடைந்து, ரோ-500 என்ற பெயரைப் பெற்றது. முழுக் கப்பலுமே பழுதின்றி இறங்கியது. ஆனால் யப்பானியக் கடற்படை அதைத் துருவிப் பார்த்துவிட்டு, தம் ஆலைகளில் தொகையாகச் செய்வதற்குரியதல்ல என்று முடிவுகட்டியது. இரண்டாம் அன்பளிப்பான யூ-1224, யப்பானிய மாலுமிகளுடன் வரும் வழியிலேயே 1944 மே 13இல் அத்திலாந்திக்கில் அழிந்தது.

இனி ஆதாரங்களைக் கையாளும் முறை. 1945 ஓகஸ்ட்டில் யப்பானிய அலுவலகங்கள் பெருமளவு ஆவணங்களை எரித்துவிட்டதால், யப்பானின் கதையைப் பெரும்பாலும் அதன் எதிரிகளின் ஏடுகளிலிருந்தே மீட்க வேண்டியிருக்கிறது. பேர்லினில் இருந்த யப்பானியத் தூதுவர் ஒஷிமா ஹிரோஷி தோக்கியோவுக்கு அனுப்பிய இரகசியச் செய்திகளை அமெரிக்கர் குறிமுறை உடைத்து வாசித்தார்கள். கொழும்பில் ‘அண்டர்சன்’ என்ற பெயரில் இயங்கிய பிரித்தானியக் கடற்படை நிலையமும் யப்பானியச் செய்திகளை ஒட்டுக்கேட்டு உடைத்தது. ஜேர்மன் கடற்படையின் ஆவணங்கள் பெரும்பகுதி முழுதாகவே பிரித்தானியர் கையிற் சிக்கின. எஞ்சிய யப்பானிய ஆவணங்களை, ஆசிய வரலாற்றுப் பதிவுகளுக்கான யப்பானிய நிலையத்தின் இணையச் சேமிப்பில் இலவசமாகப் பார்க்கலாம். ஒரே சம்பவத்துக்கு எதிரியின் பதிவும் உரியவரின் பதிவும் கிடைத்தால் மட்டும் மையால் எழுதுங்கள். ஒன்று மட்டுமெனில் பென்சிலே போதும்.

திகதிகளில் ஒரு பொறி உண்டு. ஐ-52 என்ற நீர்மூழ்கி, 2 தொன் தங்கத்தோடு வந்து, அத்திலாந்திக்கில் ஜேர்மன் நீர்மூழ்கி யூ-530ஐச் சந்தித்த இரவிலேயே அமெரிக்க விமானந்தாங்கி ‘போக்’கின் விமானங்களால் மூழ்கியது. சில நூல்கள் 1944 யூன் 23 என்றும், சில 24 என்றும் சொல்லும். நள்ளிரவைத் தாண்டிய தாக்குதலை எந்த நாட்டு மணிக்கூட்டில் எழுதினார்கள் என்பதைப் பொறுத்து நாள் மாறும். இதைப் பிழை என்று அடிக்காமல், எந்த நேர வலயம் என்று பக்கத்திற் குறியுங்கள். பெயர்களிலும் அவ்வாறே: யப்பானியப் பெயரில் குடும்பப் பெயர் முதலில் வரும் என்பதை மறந்தால், ஒரே ஆளை இரண்டு ஆளாக எண்ணிவிடுவீர்கள். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொருவரின் பெயரையும் நீங்கள் தெரிந்துகொண்ட ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதி வைத்துக்கொள்வது, எழுத்தை விரைவாக்கும்.

யுரேனியக் கதையை அணுகும்போது பேனாவுக்கு முன் கணக்குத் தேவை. 1945இல் யப்பானுக்கெனப் புறப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கி யூ-234 ஏற்றியது 560 கிலோகிராம் யுரேனியம் ஒக்சைட். அதைக் கேட்டதும் ‘யப்பானுக்குப் போன அணுகுண்டு’ என்று தலைப்பிடும் ஆசை வரும். ஒக்சைட்டில் ஏறத்தாழ 85 வீதமே யுரேனியம். அதாவது 475 கிலோகிராம். இயற்கை யுரேனியத்தில் பிளவுறும் வகையான யுரேனியம்-235இன் பங்கு 0.7 வீதம். பெருக்கினால் மூன்றரைக் கிலோகிராமுக்கும் குறைவாகவே வரும். அதையும் பிரித்தெடுக்க மாபெரும் ஆலைகள் வேண்டும். ஹிரோஷிமாவில் விழுந்த குண்டுக்குள் 64 கிலோகிராம் செறிவூட்டிய யுரேனியம் இருந்தது. இந்த மூன்று வரிக் கணக்கைக் கட்டுரைக்குள்ளேயே காட்டுங்கள்.

யாழ்ப்பாணத்து வாசகருக்காக எழுதுவதால், பினாங்கை வெறும் துறைமுகமாக எழுதிவிட்டுப் போக முடியாது. மலாயாவில் றெயில்வேயிலும் கச்சேரிகளிலும் வேலை பார்த்த எத்தனையோ குடும்பங்கள் எங்கள் ஊர்களிலிருந்து போயிருந்தன. மலாயன் பென்சனியர் கட்டிய நாற்சார் வீடுகள் இன்னும் நிற்கின்றன. ஜேர்மன் நீர்மூழ்கிகள் பினாங்கில் தளம் அமைத்திருந்த 1943, 1944ஆம் ஆண்டுகளில் அவர்களில் பலர் அங்கேதான் இருந்தார்கள். அலுமாரிக்குள் பழைய கடிதக் கட்டு இருக்குமானால், திகதி இடைவெளியைப் பாருங்கள்: 1942 தொடக்கத்தில் நின்றுபோன கடிதம் மீண்டும் எந்த ஆண்டில் தொடங்குகிறது என்பதே ஒரு சான்று. பெரியவர்களிடம் கேட்கும்போது ‘நீர்மூழ்கி கண்டீர்களா’ என்று நேரே கேட்காதீர்கள். ‘அம்மா, அந்தக் காலத்தில் துறைமுகப் பக்கம் யார் யார் நடமாடினார்கள், ஐயா என்ன சொல்லுவார்’ என்று கேட்டுவிட்டு அவர்களைப் பேச விடுங்கள். சொன்னதைச் சொன்னபடியே, கேட்ட திகதியுடன் எழுதுங்கள். நூலில் உள்ள செய்தியோடு கலக்க வேண்டாம்.

எல்லா நிரைகளும் முடிந்தபின், ஒரு மனிதரை மட்டும் எடுத்து நிரைகளுக்கூடாகக் கோடு இழுத்துப் பாருங்கள். சுபாஷ் சந்திரபோஸ் 1943 ஏப்ரல் இறுதியில் மடகஸ்காருக்குத் தென்கிழக்கே யூ-180இலிருந்து ஐ-29க்கு மாறியது எங்கள் பக்கத்தில் யாவரும் அறிந்த கதை. அதே கடலில், அதே வேளையில், எதிர்த் திசையில் ஐ-29இலிருந்து யூ-180க்கு மாறிய இரண்டு யப்பானியக் கடற்படை அதிகாரிகளை எவரும் கவனிப்பதில்லை. அவர்களில் ஒருவர் தொமொனகா ஹிதெயோ, நீர்மூழ்கி ஆழத்தைத் தானாகவே பேணும் கருவியை வகுத்த பொறியியலாளர்; யப்பானிடமும் ஜேர்மனி கற்க ஏதோ இருந்தது என்பதற்கு அவரே நடமாடும் சான்று. இரண்டாண்டு ஜேர்மனியில் இருந்துவிட்டு, விமானப் பொறியியலாளரான ஷோஜி கென்சோவுடன் யூ-234இல் ஏறி, 1945 ஏப்ரல் நடுப்பகுதியில் நோர்வேயின் கிறிஸ்ரியான்சாண்டை விட்டார். பெட்டிகளில் பிரித்துக் கட்டிய மெசர்ஸ்மிற் 262 ஒன்றும் கூடவே போனது. ஜேர்மனி சரணடைந்த செய்தி நடுக்கடலில் எட்டியது. கப்டன் பேலர் அமெரிக்கரிடம் சரணடையத் தீர்மானித்ததும், இருவரும் லுமினால் என்ற தூக்க மருந்தை உட்கொண்டு இறந்தார்கள். உடல்கள் கடலில் இறக்கப்பட்டன. அந்த நிரையின் ‘இறங்கியது’ நிரலில் போட்ஸ்மத், நியூ ஹம்ஷயர், 1945 மே 19 என்று எழுதுங்கள். ஓரத்தில் ‘பெற்றுக்கொண்டவர்’ என்று விட்ட இடத்தில் எழுத வேண்டியது, அமெரிக்கக் கடற்படை.